திருப்பி அடிக்காத பெல்

பிரெமன், ஜெர்மனி
11 அக்டோபர் 1998

அன்புள்ள தாஸுக்கு,

கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. இதைக் கடைசிப் பக்கத்தில் எழுதலாமா என்று பார்த்தேன். நீங்கள் எந்தக் கடிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பீர்கள், அதனால் எங்கே எழுதினாலும் ஒன்றுதான்.

சாம்பியன் ஸ்டேஷனில் நின்றுகொண்டு, ‘ரெண்டே வருஷம், ஒரு நாள்கூட அதிகம் இல்லை’ என்று சொன்னவள் நான்தான். மறக்கவில்லை. ரயில் கிளம்பும்போது நீங்கள் என் பக்கம் திரும்பாமல் என்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றதையும் மறக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சி ஷிஃப்ட் மாதிரி இல்லை. சங்கு ஊதினதும் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வர முடியாது. பேராசிரியர் இன்னும் இரண்டு வருஷம் வேண்டும் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்பு.

‘ராஜப்பா கேக்குறான், உன் சம்சாரம் அங்க இன்னாதான் பண்றாங்கன்னு. எனக்கே தெரியலபான்னு சொன்னேன்’ என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். உங்களோடு நந்திதுர்க் சுரங்கத்தில் பதினைந்து வருஷமாக கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் என்ஜின் ஓட்டுகிறவருக்காவது ஒழுங்காக ஒரு பதில் சொல்ல வேண்டாமா? அதனால் சொல்கிறேன். நான்கு ஊரில் நான்கு பேர் நான்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம், குரலைக் கேட்கலாம், ஒரே பலகையில் எல்லோரும் எழுதலாம். இதெல்லாம் காட்சி. உள்ளே இருக்கிற வேலைதான் என்னுடையது. இப்போது யார் பேசும் முறை, இரண்டு பேர் சேர்ந்து வாயைத் திறந்தால் யாரை நிறுத்துவது என்று அந்த நான்கு கம்ப்யூட்டரும் தங்களுக்குள்ளேயே பேசி முடிவு செய்ய வேண்டும். தலைவர் என்று யாரும் கிடையாது. நம் சர்ச் கமிட்டிக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

இதில் தீராத தலைவலி ஒன்று உண்டு. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பதில் வரவில்லை என்றால், அது செத்துவிட்டதா, அல்லது மெதுவாக வேலை செய்கிறதா என்று மற்ற கம்ப்யூட்டர்களால் கண்டுபிடிக்கவே முடியாது. யாராலும் முடியாது என்று நிரூபித்தே இருக்கிறார்கள்.

இப்போது நல்ல செய்தி. ஜனவரி பத்தொன்பதாம் தேதி நாங்கள் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தோடு இணைப்புப் போட்டுப் பார்க்கப்போகிறோம். பரீட்சை முடிந்ததும் ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கிறது. அதை என் கணவருக்குத் தர முடியுமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். தருகிறேன் என்றார்.

வருவீர்களா? இருபத்தெட்டு மாதமாக உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை.

உங்கள்
ஷைலா


சாம்பியன் ரீஃப்ஸ், கே.ஜி.எஃப்.
4 நவம்பர் 1998

ஷைலாவுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. முதல் நான்கு நாள் கோபத்தில் இருந்தேன். அடுத்த நான்கு நாள் மார்னிங் ஷிஃப்ட்.

கடைசிப் பக்கத்திலிருந்துதான் படித்தேன். ‘வருவீர்களா’ என்று கேட்டிருந்தாய். ஆகா, ஊருக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாள், என்னை ஏர்போர்ட்டுக்கு வரச்சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். முதல் பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் பக்கத்து லைன் வீடுகள் வரைக்கும் போய் ராஜப்பாவிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் முதல் பக்கத்திலிருந்தே படிக்கிறேன்.

உன் அப்பா ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். இரண்டு வருஷம் நான்கு வருஷம் ஆன கதையை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மனுஷன் என்னைத் திட்டவில்லை. ‘காப்பி போடத் தெரிஞ்சுக்கிட்டீங்களே மாப்ளே’ என்று மட்டும் சொன்னார். கல்யாணத்தின்போது சுரங்கத்துக்காரனுக்கா பெண்ணைத் தருவது என்று பத்து மாதம் என்னோடு பேசாதவர். இப்போது அவர் என்னைப் பார்த்துப் பாவப்படுகிறார். இது எனக்குத் தேவையா?

அப்புறம், ஆராய்ச்சி ஷிஃப்ட் மாதிரி இல்லை என்று எனக்கு எழுதாதே. ஷிஃப்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? உன் தலைவலி எங்களுக்கு இல்லை, அதையும் கேட்டுக்கொள். கீழே ஆள் மேலே வரத் தயாராக நின்றால் மூன்று பெல் அடிப்பார்கள். என்ஜின் ஹவுஸில் உட்கார்ந்திருக்கிற நான் திருப்பி மூன்று அடிக்க வேண்டும். அது கேட்ட பிறகுதான் ஒருவன் கேஜ் கூண்டுக்குள் கால் வைப்பான். நான் அடிக்காவிட்டால் அவன் நின்ற இடத்திலேயே நிற்பான். மேலே டிரைவர் செத்துப்போனானா, தூங்குகிறானா, டீ குடிக்கிறானா என்று கண்டுபிடிக்கிற வேலை அவனுக்கு இல்லை. பதில் வரவில்லையா, ஏறாதே. அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் நடக்கிறது.

நேற்று சுரங்கத்துக்குள் எங்கேயோ பாறை வெடித்து, பூமி ஒரு உலுக்கு உலுக்கியது. உன் ரோஸ் குக்கி அச்சு பரணிலிருந்து கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்து அங்கேயே வைத்தேன். கிறிஸ்துமஸுக்கு அதைத் தொடப்போகிறவர் யாருமில்லை.

வருகிறேன். நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம்.

தாஸ்


பிரெமன்
2 டிசம்பர் 1998

அன்புள்ள தாஸுக்கு,

வருகிறீர்கள்! கடிதத்தை லேபிலேயே பிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி என்ன ஆயிற்று என்று கேட்கிற அளவுக்கு அழுதேன். ஏர்போர்ட் விஷயத்துக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள். ராஜப்பாவிடமும் சொல்லுங்கள்.

கவனமாகக் கேளுங்கள். பெங்களூர் நேரம் மூன்று மணிக்குள் போய்விடுங்கள். அங்கே நேத்ரா என்று ஒரு பெண் இருப்பாள், கம்ப்யூட்டரை அவளே தயார்செய்து தருவாள். கண்ணாடி அறைக்குள் நீங்கள் தனியாகத்தான் உட்காருவீர்கள். அது நான் கேட்டு வாங்கியது. திரையில் தபால் கார்டு அளவுக்கு என் முகம் தெரியும். ஓரத்தில் ஒரு கை படம் இருக்கும். அதை அமுக்கினால் பேசும் முறை உங்களுக்கு வரும். நீங்கள் பேசும்போது என் மைக் மூடிக்கொள்ளும், நான் பேசும்போது உங்களுடையது. முதலில் நான் பேசுகிறேன். ‘இனி நீங்க’ என்று சொன்னதும் கையை அமுக்குங்கள். அவ்வளவுதான். இருபது வருஷமாக இரண்டாயிரம் அடி ஆழத்துக்குக் கேஜ் இறக்குகிறவருக்கு இது ஒரு வேலையா?

நீல முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். இங்கே கம்ப்யூட்டரில் நீலம் நன்றாகத் தெரிகிறது என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மை வேறு, அது உங்களுக்குத் தெரியும்.

உங்கள்
ஷைலா


பிரெமன்
20 ஜனவரி 1999

அன்புள்ள தாஸ் அவர்களுக்கு,

நேற்று நடந்த பரீட்சை முழு வெற்றி. ஒலி ஒரு நொடிக்குள் வந்து சேர்ந்தது. துண்டு துண்டாக அனுப்பிய குரலிலும் படத்திலும் நூற்றுக்கு இரண்டு துண்டுகூடத் தொலையவில்லை. பேராசிரியர் எல்லோருக்கும் கேக் வாங்கிக்கொடுத்தார்.

நான் சாப்பிடவில்லை.

உங்களுக்குக் கோபம் இருக்கும் என்று தெரியும். அந்தக் கோபத்துக்கு உரிமையும் இருக்கிறது. அதற்கு ஒரு கடிதத்தில் திட்டியிருக்கலாம். வராமலே இருந்திருக்கலாம். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை வழித்து வாரிக்கொண்டு, பெங்களூர் வரை வந்து, என் பேராசிரியரும் ஆறு பேரும் பார்க்கிற திரையில் உட்கார்ந்து, கையை அமுக்கி முறையை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் என்னையே உற்றுப்பார்த்தீர்களே. ஒரு தடவை இல்லை. திரும்பத் திரும்ப. நான் கையை அமுக்குவதற்குள் முறையை மறுபடியும் நீங்களே எடுத்துக்கொண்டு. கடைசியில் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தீர்கள். ‘கோபமா தாஸ்?’ என்று நான் கேட்டது உங்களுக்கு வந்து சேர்வதற்குள் இணைப்பை எடுத்துவிட்டார்கள்.

அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் மூன்று மாதம் நாள் எண்ணினேன். என்னைத் தண்டிக்க இதைவிட நல்ல வழி யாருக்கும் தோன்றியிருக்காது.

ஷைலா


சாம்பியன் ரீஃப்ஸ்
9 பிப்ரவரி 1999

ஷைலா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் பக்கத்திலிருந்துதான். என்ன எழுதியிருக்கிறாய் என்றே எனக்கு விளங்கவில்லை. உனக்கு நான் என்ன தண்டனை தந்தேன்? எனக்குத் தெரிந்து பதில் தராதவள் நீ.

நடந்ததைச் சொல்கிறேன். விடிகிற நேரத்துக்கு ராஜப்பாவும் நானும் சாம்பியனில் ரயில் ஏறினோம். அவனுக்கு லீவே கிடையாது, ஆனாலும் வந்தான். என்ன பேசுவது என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். ஏழு விஷயம். பங்காருப்பேட்டை வந்ததும் அவனுக்குப் படித்துக்காட்டினேன். ‘இது இன்னாபா, ரேஷன் கடை லிஸ்ட்டு மாதிரி இருக்குது. நீ இல்லாம முடியலம்மான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்’ என்றான். சீட்டைக் கிழித்துப் போட்டேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு போனேன்.

அந்த நேத்ரா நல்ல பெண். நாற்காலியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வெளியே போனாள். நீ வந்தாய். மெலிந்திருந்தாய். கண்ணாடி மாற்றியிருக்கிறாய், எழுதவில்லை. நீ பேசினதெல்லாம் கேட்டது. ‘இனி நீங்க’ என்றாய். சரி என்று கையை அமுக்கினேன்.

அமுக்கினதும் உன் முகம் அப்படியே நின்றுபோனது. வாய் பாதி திறந்தபடி, கண் சிமிட்டாமல். நான் பெல் அடித்தாகிவிட்டது. நீ திருப்பி ஒன்று அடிப்பாய் என்று பார்த்தேன். ஒரு சத்தம், ஒரு விளக்கு, ஒரு தலையாட்டல், ஏதாவது. ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கை படமே தானாக அணைந்துவிட்டது. சரி, நீ தயாராக இல்லை போலிருக்கிறது என்று மறுபடியும் அமுக்கினேன். மறுபடியும் நின்றுவிட்டாய். ஏழு தடவை அடித்தேன் ஷைலா. பதில் வராமல் நான் எப்படி ஏறுவேன்? கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் ‘பேசுங்க பேசுங்க’ என்று கையைக் கையை ஆட்டினாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். பதில் வராமல் ஆளை ஏற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது.

வெளியே வந்ததும், ‘யாகே சார் மாத்தாடலில்லா?’ என்று கன்னடத்தில் கேட்டாள். ஏன் சார் பேசவே இல்லை என்று எல்லோரும் என்னையே கேட்டால் நான் என்ன சொல்ல? திரும்பி வரும் ரயிலில் ஊர்காம் ஸ்டேஷன் வந்தபோது ராஜப்பா ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தான்.

உனக்கு என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இருபது நாள் இருந்தேன். உன் கடிதத்தைப் பார்த்தால் நீயும் அதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

தாஸ்


பிரெமன்
25 பிப்ரவரி 1999

என் தாஸுக்கு,

எங்கள் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நொடிக்கணக்கில் எழுதிவைக்கும். இணைப்பு முடிந்த அன்று, எத்தனை துண்டு தொலைந்தது என்று மட்டும் அதில் பார்த்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு முழுவதையும் திறந்து வரிவரியாகப் படித்தேன்.

இருக்கிறது. இங்கே நேரம் பத்து முப்பத்து நான்கு, ஏழாவது நொடி: பெங்களூர் கை உயர்த்தியது. பதினைந்தாவது நொடி: பெங்களூர் பேசவில்லை, முறை திரும்பப் பெறப்பட்டது. இருபத்தொன்றாவது நொடி: பெங்களூர் கை உயர்த்தியது. இப்படி ஏழு தடவை. நீங்கள் எழுதின அதே ஏழு.

எட்டு நொடி என்று வைத்தது யார் தெரியுமா? நான்தான். கையை உயர்த்திவிட்டு ஒருவர் பேசாமல் இருந்தால் அவருக்குப் பேச ஒன்றுமில்லை என்று எட்டு நொடியில் முடிவு செய்து முறையைப் பிடுங்கிக்கொள்ளச் சொன்னது நான்தான். கேட்கிறவரின் படத்தை அனுப்பி வீணாக்க வேண்டாம், பேசுகிறவர் படம் மட்டும் போனால் போதும் என்று எழுதியதும் நான்தான். அதனால்தான் நான் நின்றுபோனேன். இங்கே நான் உங்களைப் பார்த்து எத்தனை தடவை தலையாட்டினேன் தெரியுமா? ஒன்றுகூட அங்கே வரவில்லை. கேட்கிறவள் முகம் எதற்கு என்று நினைத்திருக்கிறேன் பாருங்கள். இரண்டரை வருஷமாக உங்களுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

நீங்கள் மூன்று பெல்லைப் பற்றி நவம்பரிலேயே எழுதியிருந்தீர்கள். நான் சிரித்துக்கொண்டே படித்து, மடித்து வைத்துவிட்டேன்.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கணவர் செய்தது சரி, நம் மென்பொருள் செய்தது தப்பு என்றார். இப்போது கையை அமுக்கினால், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஒலி திரும்பி வரும்: கேட்கத் தயார், பேசுங்கள் என்று. அது வருகிறவரை யாருடைய முறையையும் யாரும் பிடுங்க முடியாது. ஒரு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து மாற்றினேன். அது உங்கள் பெல். அதை வைத்துத்தான் என் ஆய்வின் நான்காம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதப்போகிறேன்.

அந்த ஒரு வார்த்தையைக் கடிதத்தில் படித்தேன். திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எனக்கும் அதே வார்த்தைதான். நீங்கள் இல்லாமல் முடியவில்லை.

இங்கே வந்துவிடுகிறீர்களா? இரண்டு அறை இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே டிராம் போகும். உங்களுக்குப் பிடிக்கும்.

உங்கள்
ஷைலா


சாம்பியன் ரீஃப்ஸ்
2 ஏப்ரல் 1999, பெரிய வெள்ளி

அன்புள்ள ஷைலா,

மும்மணி நேர ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். ராஜப்பாவிடம் உன் கடிதத்தைப் படித்துக்காட்டினேன், கடைசிப் பாராவை மட்டும் விட்டுவிட்டு. ‘அப்போ நம்ம பெல்லு ஜெர்மனில அடிக்குதா?’ என்று கேட்டான். ஷிஃப்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். கேண்டீனில் எனக்கு டீ கொடுக்கும்போது மூன்று தடவை கரண்டியால் தட்டுகிறார்கள்.

எனக்குச் சந்தோஷம்தான். அதைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.

நான் வர முடியாது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்கிறார்கள். இல்லை, அடுத்த வருஷம்தான் என்கிறார்கள். புது ஆள் எடுப்பது நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. என்ஜின் ஓட்ட லைசென்ஸ் உள்ளவர்கள் இப்போது மூன்று பேர்தான். அதில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி, கண் மங்கல். நான் கிளம்பினால் ராஜப்பாதான் இரண்டு ஷிஃப்ட் பார்க்க வேண்டும். கீழே ஆள் இருக்கும்போது நான் எழுந்து போக முடியாது. இதை உன்னைவிட நன்றாக யார் புரிந்துகொள்வார்கள்?

வந்தாலும் அங்கே நான் என்ன செய்வேன்? ஜன்னலில் டிராம் பார்ப்பேன். நீ வேலைக்குப் போவாய், எப்போது திரும்பி வருவாய் என்று நான் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதை இங்கேயே செய்துகொண்டிருக்கிறேன்.

கோபத்தில் எழுதவில்லை. நம்பு.

தாஸ்


பிரெமன்
26 நவம்பர் 2000

அன்புள்ள தாஸுக்கு,

ஜூலையிலிருந்து நான்கு கடிதம் எழுதிவிட்டேன். இது ஐந்தாவது. ராஜப்பா வீட்டு போனுக்கு இரண்டு தடவை கூப்பிட்டேன். ‘நல்லாகீறாரும்மா, ஷிஃப்ட்டுல கீறாரு’ என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

பதில் வராத கம்ப்யூட்டர் செத்துவிட்டதா மெதுவாக இருக்கிறதா என்று எவராலும் சொல்ல முடியாது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய மேதாவி மாதிரி எழுதினேன். இப்போது அதைத்தான் அனுபவிக்கிறேன். நம் கல்யாணத்தைச் சொல்கிறேன் தாஸ். எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போன மாதம் பட்டம் கிடைத்துவிட்டது. மேடையில் பேர் வாசித்தபோது கைதட்டுகிற கூட்டத்தில் என் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. இங்கேயே மூன்று வருஷ வேலை தருகிறார்கள். தனிக் குழு, நான்தான் தலைவி. நான் ஆசைப்பட்ட வேலை, பொய் சொல்ல மாட்டேன். மார்ச் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

நீங்கள் ‘வா’ என்று எழுதுங்கள். நான் கையெழுத்துப் போட மாட்டேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். பெங்களூரில் ஏதாவது கல்லூரியில் பாடம் எடுப்பேன், ரயிலில் போய் வருவேன், முன்னே செய்தேனே. எனக்கு நாற்பது பக்கக் கடிதம் வேண்டாம். அந்த ஓர் எழுத்துப் போதும்.

தயவுசெய்து எழுதுங்கள்.

ஷைலா


சாம்பியன் ரீஃப்ஸ்
3 மார்ச் 2001

என் ஷைலாவுக்கு,

முடிந்துவிட்டது. புதன்கிழமையோடு சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

கடைசிக் கேஜை ஏற்றினது நான். கீழே பதினோரு பேர். மூன்று பெல் வந்தது. திருப்பி மூன்று அடித்தேன். அவர்கள் ஏறினதும் ஒரு பெல், தூக்கு என்று. தூக்கினேன். இவ்வளவு மெதுவாக நான் எந்த நாளும் தூக்கினதில்லை. மேலே வந்தவர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. என்ஜின் ஹவுஸ் வாசலில் வந்து நின்றார்கள். அதற்கப்புறம் கீழேயிருந்து எந்த பெல்லும் வராது என்று தெரியும். இருந்தாலும் ஷிஃப்ட் முடிகிறவரைக்கும் லீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராஜப்பா வந்து, ‘ஏந்துரு தாஸு, யாரும் இல்லபா கீய’ என்று கையைப் பிடித்துத் தூக்கினான். அழுகிற வயசில்லை இரண்டு பேருக்கும். வாசற்படியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதோம்.

இனி உன் ஐந்து கடிதத்துக்கும் சேர்த்துப் பதில்.

‘வா’ என்று எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். ஒரு தடவை எழுதிக் கவரில் போட்டு ஒட்டியும்விட்டேன். தபால் பெட்டிவரை போய்த் திரும்பி வந்தேன். எழுதினால் நீ வந்துவிடுவாய். அந்தப் பயம்தான். நீ வந்து, பெங்களூர் ரயிலில் தொங்கிக்கொண்டு போய்ப் பாடம் எடுத்து, ஒரு நாள்கூட என்னைக் குறைசொல்லாமல் இருப்பாய். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வராதே என்று எழுதலாம் என்றால், நீ எனக்கு வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்வாய். நானும் வருகிறேன் என்று எழுதலாம் என்றால், கீழே ஆள் இருந்தது. எதை எழுதினாலும் தப்பாக இருந்தது, அதனால் எழுதாமலே இருந்து அதைவிடப் பெரிய தப்பைச் செய்துவிட்டேன். உனக்கு எட்டு நொடி, எனக்கு எட்டு மாதம்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. செப்டம்பரிலேயே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது லைனே கூடிவிட்டது, நான் என்னவோ திருடிவிட்டேன் என்று. கோலாருக்கு மூன்று தடவை அலைந்தேன். ஜனவரியில் வந்துவிட்டது. படத்தில் அந்த நீலச் சட்டைதான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று ராஜப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவன் போனில் ஒன்றும் சொல்லாததற்கு அதுதான் காரணம். பாவம், அவனைத் திட்டாதே. மூடுகிற தேதி தெரியாமல் உனக்கு ஆசை காட்டி, அது தள்ளிப்போனால்? ஏர்போர்ட்டுக்கு ஒரு தடவை நான் கிளம்பினது போதும்.

என்ன வேலை செய்வேன் என்று தெரியாது. பிரெமனில் துறைமுகம் இருக்கிறதாம், பெரிய பெரிய கிரேன் இருக்கிறதாம், உன் அப்பா அட்லஸ் எடுத்துக் காட்டினார். ஏற்றவும் இறக்கவும் எனக்குத் தெரியும். பாஷை கற்றுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் காப்பி போடுகிறேன், அது நன்றாகவே போடுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ ஆயிரம் பேரை ஏற்றி இறக்கினேன். நான் எங்கேயும் போனதில்லை. அடுத்தவன் அடிக்கிற பெல்லுக்குப் பதில் அடித்தவன்தான் நான், ஒரு நாளும் நானாக அடித்ததில்லை. அந்தக் கண்ணாடி அறையில்தான் முதல் தடவை அடித்தேன், அதுவும் திரும்பி வரவில்லை.

கையெழுத்துப் போட்டுவிடு. உன் குழுவுக்கு நீதான் தலைவி.

நான் தயாராக நிற்கிறேன். இது என் மூன்று பெல். நீ திருப்பி அடித்தால் ஏறுவேன். எத்தனை நாள் ஆனாலும் நிற்பேன், உன்னை அவசரப்படுத்தவில்லை. நியாயமாகப் பார்த்தால் இந்தத் தடவை நீ என்னைக் காக்கவைக்கலாம்.

உன்
தாஸ்


பிரெமன்
14 மார்ச் 2001

தாஸ்,

கீழே தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே எழுதுகிறேன். கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது, ஆகட்டும். டிராமில் போகும் வழியில் இதைப் போட்டுவிடுவேன்.

ரோஸ் குக்கி அச்சைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். மறந்துவிடாதீர்கள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

ஏறுங்கள்.

ஷைலா